டீ ஆற்றும் கையும் வெங்காயத் தோலும்

நண்பன் டீக்கடை வைத்திருக்கிறான். கடைச் சுவரில் ஒரு டிவி. செய்தி போட்டால் பெஞ்சில் இருப்பவர்கள் கட்சி பிரிந்து சண்டை போடுகிறார்கள், பாட்டுப் போட்டால் ஒரு டீயோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று அவனுக்குக் குறை. "நீதான் படம் வரைவியேடா. மாஸ்டர் டீ ஆத்துற மாதிரி ஒண்ணு வரைஞ்சு குடு, அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கட்டும்" என்றான். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். மொத்தம் 30 படம். நொடிக்கு 12 வீதம் இரண்டரை நொடி. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். ஆபீஸ் முடிந்து வந்து இரவில் மட்டும் வரைந்ததால் மூன்று வாரம் ஆனது.

பென்டிரைவில் போட்டு முதன்முதலாக ஓட்டிய அன்று, கடையில் நின்ற நாலைந்து பேர் "நல்லாருக்கே" என்றார்கள். மாஸ்டர் மட்டும் பாய்லர் பக்கத்தில் நின்றபடி கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "தம்பி, இப்படி ஆத்துனா டீ பூரா தரையிலதான் கெடக்கும்."

"ஏண்ணே?"

"கை நேரா ஏறாது தம்பி. வளைஞ்சு ஏறும். மேல போயி லேசா நிக்கும். நீ போட்டிருக்கிறது லிஃப்ட் மாதிரில்ல போகுது."

பல வருடமாக ஆற்றுகிற கை. எதிர்த்துப் பேச வழியில்லை. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே உண்மை. மேலே இருக்கும் கைக்கும் கீழே இருக்கும் கைக்கும் நட்ட நடுவில் ஒரு கை. அதற்கும் இதற்கும் நடுவில் இன்னொன்று. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாப் படமும் சுத்தமாக இருந்தன, ஓட்டினால்தான் பொய்யாகத் தெரிந்தது. இதற்குக் காரணம் என் கை அல்ல, ஆனியன் ஸ்கினை நான் பயன்படுத்திய விதம் என்று புரிய இன்னும் இரண்டு இரவு ஆனது.

ஆனியன் ஸ்கின் தெரியாதவர்களுக்கு: அனிமேஷனில் ஒரு படத்தை வரையும்போது அதற்கு முந்தைய படமும் அடுத்த படமும் மங்கலாகப் பின்னால் தெரியும் வசதி அது. பெயர் தாளிலிருந்து வந்தது. டைப் அடிக்கிற காலத்தில் கார்பனுக்கு அடியில் வைப்பார்களே, சருகு மாதிரி சலசலக்கும் மெல்லிய தாள், அந்த வகைத் தாளுக்கு ஆங்கிலத்தில் வெங்காயத் தோல் என்று பெயர். எங்கள் வீட்டில் அப்பா டைப்பிஸ்ட். அந்தத் தாளை வைத்து முருகன் காலண்டரை நகல் எடுத்துத்தான் நான் படம் வரையவே கற்றுக்கொண்டேன், அதனால் அந்தப் பெயர்மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு.

கணினிக்கு முன்னால் இதைக் கண்ணாடிப் பலகைக்கு அடியில் விளக்கு வைத்துச் செய்தார்கள். தாள்கள் நகராமல் இருக்க ஓரத்தில் துளையிட்டு முளைகளில் மாட்டிக்கொள்வார்கள். அதற்கும் முன்னால், அமெரிக்கக் கார்ட்டூன் ஓவியர் வின்சர் மெக்கே 1914-இல் வெளியான தன் டைனோசர் படத்துக்கு ஆயிரக்கணக்கான படங்களை மெல்லிய ரைஸ் பேப்பரில் வரைந்தார். பின்னணியையும் சேர்த்து ஒவ்வொரு தாளிலும் திரும்பத் திரும்ப வரைய வேண்டியிருந்தது, அதற்கென்று தனியாக ஓர் உதவியாளர் இருந்தார். முதலில் முக்கியமான நிலைகளை வரைந்துவிட்டுப் பிறகு நடுவில் வருவதை நிரப்பும் முறையை மெக்கே அப்போதே பின்பற்றியிருக்கிறார். நான் செய்யத் தவறியது அதைத்தான்.

எனக்கு இதெல்லாம் ஜிம்ப் என்ற பட நிரலில் ஆரம்பித்தது. இலவசம், பழைய கணினியிலும் ஓடும். ஜிம்ப்பில் ஆனியன் ஸ்கின் என்று ஒரு பொத்தான் கிடையாது. லேயர்தான் ஃபிரேம், அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரியான லேயர் ஒவ்வொன்றும் ஓட்டும்போது ஒரு படம். ஒரு லேயரில் ஒரு படம், அடுத்ததற்கு மேலே ஒரு புது லேயர், கீழே இருப்பதன் ஒப்பாசிட்டியை, அதாவது அது எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்ற அளவை, நூற்றுக்கு 30 அல்லது 40 ஆகக் குறைத்துவிட்டு மேலே வரைய வேண்டும். கைவேலைதான், ஆனாலும் தப்பில்லை. சொல்லப்போனால் முதலில் இப்படிப் பழகியதில் ஒரு லாபம் உண்டு, எது தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் நாமே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

அதில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை ஜிஃப் ஆக (தானாகத் திரும்பத் திரும்ப ஓடும் படக் கோப்பு) ஏற்றுமதி செய்தபோது, கீழ் லேயர்களின் ஒப்பாசிட்டியைத் திரும்ப 100 ஆக்க மறந்துபோனேன். அதோடு, ஏற்றுமதிப் பெட்டியில் ஒவ்வொரு லேயரும் முந்தையதன்மேல் சேர்ந்துகொண்டே போவது, ஒவ்வொரு லேயரும் முந்தையதை அகற்றிவிட்டு வருவது என்றெல்லாம் வழிகள் இருக்கும். நான் அதைக் கவனிக்காமல் அப்படியே விட்டுவிட்டேன். பின்னணி இல்லாத லேயர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து, மாஸ்டர் பத்துக் கை காளியாக மங்கலாக நின்றார். தங்கை பார்த்துவிட்டுக் கற்பூரம் காட்டவா என்று கேட்டாள். ஜிம்ப்பில் செய்பவர்கள் ஏற்றுமதிக்கு முன்னால் எல்லா லேயரின் ஒப்பாசிட்டியையும் ஒரு முறை கண்ணால் பாருங்கள், ஒரு லேயருக்கு ஒரு ஃபிரேம் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஜிஃப் என்றதும் இன்னொன்று. அதில் நேரம் நூறில் ஒரு பங்கு நொடியாகத்தான் எண்ணப்படும். நொடிக்கு 12 படம் என்றால் ஒரு படத்துக்கு 8.33 வர வேண்டும், ஆனால் 8 தான் போட முடியும். 30 படத்துக்கு 2.5 நொடிக்குப் பதில் 2.4. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 1 என்றோ 0 என்றோ போட்டு வேகமாக ஓட்டலாம் என்று நினைத்தால், பெரும்பாலான பிரவுசர்கள் அதை 10 ஆக எடுத்துக்கொண்டு மெதுவாக ஓட்டும். டிவிக்கு ஜிஃப் வேண்டாம், எம்.பி.4 போதும்.

ஜிம்ப்பிலிருந்து கிரிட்டா என்ற இன்னொரு நிரலுக்கு மாறினேன். 2016-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அதில் அனிமேஷன் உண்டு, அதுவும் இலவசம். ஃபிரேம்கள் கட்டம் கட்டமாக வரிசையில் தெரியும் டைம்லைனில் ஒவ்வொரு லேயரின் பக்கத்திலும் ஒரு சின்ன பல்பு இருக்கும். அதை அழுத்தினால் அந்த லேயருக்கு மட்டும் ஆனியன் ஸ்கின் எரியும். முந்தைய படங்கள் சிவப்பாகவும் அடுத்தவை பச்சையாகவும் தெரியும், நிறத்தை மாற்றிக்கொள்ளலாம். முன்னால் பத்து, பின்னால் பத்து வரை எத்தனை தெரிய வேண்டும், ஒவ்வொன்றும் எவ்வளவு மங்கலாக இருக்க வேண்டும் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாள் பல்பை எரியவிட்டும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் நிரலைத் திட்டினேன். லேயர் முழுக்க நானே வெள்ளை அடித்து வைத்திருந்தேன்! தாள் ஊடுருவித் தெரிந்தால்தானே அடியில் இருப்பது தெரியும். வரைகிற லேயர் வெறுமையாக இருக்க வேண்டும், வெள்ளை வேண்டுமென்றால் அடியில் தனி லேயர்.

இன்னொரு பொறி இதைவிட மோசம். டைம்லைனில் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டால் புதுத் தாள் வந்துவிட்டது என்று நம்பிவிடுவோம். அப்படியில்லை. புது ஃபிரேம் உருவாக்காதவரை முந்தைய படமே அங்கேயும் நீண்டுகொண்டிருக்கும், நாம் வரைவது எல்லாம் அதன்மேல்தான் விழும். இப்படி ஒரு நல்ல முகத்தின்மேல் இன்னொரு முகத்தை வரைந்து பாழாக்கியிருக்கிறேன். ஓர் அடையாளம் சொல்கிறேன்: முந்தைய படம் சிவப்பாகத் தெரியாமல் அதன் சொந்த நிறத்திலேயே தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள், நீங்கள் இன்னும் பழைய தாளில்தான் இருக்கிறீர்கள்.

ஆபீசில் ஃபோட்டோஷாப் இருக்கிறது, அதிலும் செய்து பார்த்தேன். அங்கே டைம்லைன் இரண்டு வகை. ஃபிரேம் அனிமேஷன் என்ற வகையில் ஆனியன் ஸ்கின்னைத் தேடினால் கிடைக்காது. வீடியோ டைம்லைனுக்கு மாறி, வெற்று வீடியோ லேயர் ஒன்று போட்டு அதில் வரைய வேண்டும். எத்தனை படம் தெரிய வேண்டும், எத்தனை ஃபிரேம் இடைவெளியில் தெரிய வேண்டும், அதிகபட்ச, குறைந்தபட்ச ஒப்பாசிட்டி என்ன, எந்தக் கலவை முறை என்று அமைப்புகள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. இடைவெளி அமைப்பை மட்டும் மறக்காதீர்கள். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி வரைகிறவர்கள் அதை 2 ஆக்காவிட்டால், வரைந்த படத்தின் நகலே ஆனியன் ஸ்கின்னாகத் தெரிந்து குழப்பும். இதற்குமேல் ஃபோட்டோஷாப் பற்றிச் சொல்ல என்னிடம் இல்லை. டீ மாஸ்டரை வரைந்து முடித்தது கிரிட்டாவில்தான்.

மாஸ்டர் சொன்ன லிஃப்டுக்கு வருகிறேன்.

நான் செய்தது இதுதான். மக் பிடித்த கை கீழே இருக்கும் படம் ஒன்று, மேலே இருக்கும் படம் ஒன்று. இரண்டையும் வரைந்துவிட்டு ஆனியன் ஸ்கின்னை எரியவிட்டேன். சிவப்புக் கோடு கீழே, பச்சைக் கோடு மேலே. நடுவில் ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் கை தானாகப் போய் நட்ட நடுவில் கோடு போட்டுவிட்டது. ஆனியன் ஸ்கின்னின் வசியம் அது. அக்கம்பக்கத்து வீட்டைக் காட்டும்போதே நடுவில் ஒரு மனையையும் காட்டிவிடும், நாம் அங்கே போய்க் கட்டிவிடுவோம். தெரு எப்படி வளைகிறது என்பது அதில் தெரியாது.

கணக்குப் போட்டால் தப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். முழங்கையை மையமாக வைத்து முன்கை சுற்றுகிறது, நீளம் 200 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். கீழ் நிலைக்கும் மேல் நிலைக்கும் இடையில் 90 பாகை. இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நேர் நடுவில் மூன்றாவது மணிக்கட்டை வைத்தால், முழங்கையிலிருந்து அதன் தூரம் 141 பிக்சல்தான் வரும். அதாவது கை மேலே போகும் வழியில் முக்கால் பங்குக்கும் கீழே சுருங்கி, மேலே போனதும் மறுபடி நீள்கிறது. 60 பாகைக்கு 173. சின்ன அசைவில் இது தெரியாது, டீ ஆற்றுவது போன்ற பெரிய வீச்சில் தெரியாமல் இருக்காது. மாஸ்டருக்கு பாகையெல்லாம் தேவைப்படவில்லை, ஒரு பார்வை போதுமாக இருந்தது.

இரண்டாம் முறை ஆரம்பிக்கும் முன் அவரிடம் அனுமதி கேட்டு, ஆற்றுவதைச் செல்பேசியில் எடுத்தேன். செல்பேசியில் நொடிக்கு 24 என்று மாற்ற முடிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் சரியாக 12 வரும். வழக்கமான 30-இல் எடுத்தால் இரண்டரைக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டு திண்டாட வேண்டும். அந்த வீடியோவின்மேல் அப்படியே நகல் எடுத்து வரையலாம்தான், சிலர் அழகாகவும் செய்கிறார்கள். எனக்கு அதில் ஓர் உப்புச்சப்பில்லாத தன்மை தெரிகிறது. அதனால் வீடியோவை எண்ணுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டேன்: எத்தனையாவது படத்தில் கை கிளம்புகிறது, எங்கே நிற்கிறது, கிளாஸ் பிடித்த கை எப்போது இறங்குகிறது.

பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. ஊற்றும்போது மக் எடுத்த எடுப்பில் மேலே இருப்பதில்லை. மக்கும் கிளாசும் கிட்டத்தட்ட உரசிக்கொண்டிருக்கும்போதே டீ விழத் தொடங்கிவிடுகிறது. விழ விழ ஒரு கை ஏறுகிறது, இன்னொரு கை இறங்குகிறது. முடிகிற நேரத்தில் இரண்டும் மறுபடி நெருங்குகின்றன. இருபது வருடமாக டீ குடிக்கிறேன், இதைக் கவனித்ததில்லை.

இந்த முறை ஆனியன் ஸ்கின் எரியாமலே தொடங்கினேன். முதலில் தனி லேயரில் மணிக்கட்டு போகும் பாதையை ஒரு வளைகோடாக இழுத்தேன். அதன்மேல் கோலப்புள்ளி மாதிரி புள்ளிகள். கிளம்பும் இடத்தில் நெருக்கமாக, நடுவில் அகலமாக, மேலே மறுபடி நெருக்கமாக. "லேசா நிக்கும்" என்று அவர் சொன்னது இந்த நெருக்கமான புள்ளிகள்தான். மேல்முனையில் மூன்று புள்ளிகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தன. அப்புறம் முக்கிய நிலைகள் நான்கை மட்டும் வரைந்து, அம்புக்குறி விசைகளால் முன்னும் பின்னுமாகத் தள்ளிப் பார்த்தேன். பழைய ஆட்கள் விரல்களுக்கு இடையில் தாள்களைச் செருகிச் சரசரவென்று புரட்டுவார்கள். ஆனியன் ஸ்கின் இருக்கிறதே என்று இந்தப் புரட்டலை விட்டுவிடுவது பெரிய தப்பு. மங்கலாகக் குவிந்து கிடப்பதில் இடம் தெரியும், அசைவு தெரியாது. அசைவு புரட்டினால்தான் தெரியும்.

நான்கும் சரியாக வந்த பிறகு பல்பை எரியவிட்டேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அவ்வளவுதான். கூடுதலாக வைத்தால் சாம்பார்தான். இப்போது நடுப்படத்தை வரையும்போது மணிக்கட்டு புள்ளியில் போய் உட்காரும், சிவப்பையும் பச்சையையும் பார்ப்பது கையின் பருமன் மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க மட்டும். முரட்டுக் கோடு ஒன்றை முதலில் பல்பை அணைத்துவிட்டுப் போட்டேன், பிறகு எரியவிட்டுத் திருத்தினேன். இந்த வரிசை எனக்கு ஒத்துவருகிறது. எரியவிட்டுக்கொண்டே முதல் கோட்டைப் போட்டால் கை பழையபடி வெற்றிடத்துக்கே போகிறது.

பருமன் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. பின்னால் தெரியும் கோட்டின் மேலேயே நம் கோடு விழுகிறதா, உள்பக்கம் விழுகிறதா, வெளிப்பக்கமா என்று கவனியுங்கள். ஒவ்வொரு படத்திலும் அரைக் கோட்டளவு உள்ளே விழுந்தால் பத்தாவது படத்தில் மக் டம்ளராகிவிடும். எனக்கு நடந்தது. பக்கத்துப் படத்தோடு மட்டும் ஒப்பிட்டால் இந்தத் தேய்மானம் தெரியாது, அதனால் ஐந்து படத்துக்கு ஒரு முறை முதல் படத்தை நகலெடுத்து மேலே வைத்து அளந்து பார்ப்பேன்.

விரல்கள்தான் அடுத்த தலைவலி. மேல் நிலைக்கும் கீழ் நிலைக்கும் தூரம் அதிகம், மக் சாய்ந்தும் இருக்கிறது. ஆனியன் ஸ்கின்னில் இரண்டு கைகளும் திரையின் இரண்டு மூலையில் கிடந்தால் நடுவிலுள்ள விரலை எதை வைத்து வரைவது? இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது, தாளை முளையிலிருந்து கழற்றி நகர்த்தி வைத்து வரைவது. லேயர் உள்ள எந்த நிரலிலும் இதைச் செய்யலாம். கீழ்க் கையையும் மேல் கையையும் இரண்டு தற்காலிக லேயர்களில் நகலெடுங்கள். இரண்டையும் நகர்த்தி, சுழற்றி, மணிக்கட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்படி வையுங்கள். ஒப்பாசிட்டியைக் குறையுங்கள். இப்போது வித்தியாசம் விரல் மடக்கில் மட்டும்தான் இருக்கும், நடுவிலுள்ள விரலை ஒரு நிமிடத்தில் வரைந்துவிடலாம். வரைந்ததை எடுத்துப்போய்ப் புள்ளியில் வைத்துச் சாய்த்துவிடுங்கள். தற்காலிக லேயர்களை அழிக்க மறக்காதீர்கள். இந்த ஒரு வழி தெரிந்திருந்தால் முதல் தடவையே ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

டீதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முதல் பதிப்பில் மக்கின் வாயிலிருந்து கிளாசுக்கு ஒரு பழுப்பு நாடாவை நேராக இழுத்துவிட்டிருந்தேன். கை நகர்ந்தால் நாடாவும் கயிறு மாதிரி முழுதாக நகர்ந்தது. உண்மையில் மக்கை விட்ட டீக்கும் கைக்கும் அப்புறம் எந்தச் சம்பந்தமும் இல்லை. எந்த இடத்தில் கைவிட்டதோ அந்த இடத்திலிருந்து அது தன்பாட்டுக்கு விழுகிறது. 80 சென்டிமீட்டர் விழ ஏறத்தாழ 0.4 நொடி ஆகும். நொடிக்கு 12 படம் என்றால் கிட்டத்தட்ட ஐந்து படம். ஆக, கிளாசைத் தொடும் டீ இப்போதைய மக்கிலிருந்து வந்தது அல்ல, ஐந்து படத்துக்கு முன்னால் மக் எங்கே இருந்ததோ அங்கிருந்து வந்தது.

அதனால் டீயை வரையும்போது மட்டும் என் ஒன்றுக்கு ஒன்று விதியைத் தூக்கிப் போட்டேன். மக் லேயரின் பல்பை எரியவிட்டு முந்தைய ஐந்து படங்களைத் தெரிய வைத்தேன், அடுத்தவை எல்லாம் பூஜ்யம். டீ லேயரின் பல்பை அணைத்துவிட்டேன். இப்போது சிவப்பாக ஐந்து மக் வாய்கள் வரிசையாகத் தெரிகின்றன. மேல் துளி இப்போதைய வாயிலிருந்து, அதற்குக் கீழே இருப்பது முந்தைய வாயிலிருந்து, அதற்கும் கீழே அதற்கு முந்தையதிலிருந்து என்று இணைத்துக்கொண்டே வந்தால் தாரை தானாக வளைந்தது. மேலே கொஞ்சம் தடிமனாக, கீழே போகப் போக மெலிதாக, ஏனென்றால் விழ விழ வேகம் கூடித் தாரை இழுபட்டு மெலிகிறது. ஓட்டிப் பார்த்த இரவு தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு லேயருக்கும் தனிப் பல்பு எதற்கு என்று கிரிட்டாவில் நுழைந்த நாளிலிருந்து யோசித்திருக்கிறேன், இதற்குத்தான்.

இது தாரைக்கு மட்டுமல்ல, துண்டின் நுனி, பின்னல், மாட்டு வால் என்று பின்தங்கி வரும் எதற்கும் உதவும். அங்கெல்லாம் அடுத்த படம் தேவையில்லை, கடந்துபோன நாலைந்து படம்தான் தேவை.

சுற்று மூடுவதில் எல்லாரும் ஒரு தடவையாவது அடிபடுவார்கள். 30-ஆவது படத்தை வரையும்போது அதற்கு அடுத்தது 1-ஆவது படம் என்று நமக்குத் தெரியும், நிரலுக்குத் தெரியாது. பச்சையாக ஒன்றும் வராது. குருட்டாம்போக்கில் வரைந்தால் சுற்றுக்கு ஒரு முறை கை துள்ளும், அதுவும் நாள் முழுக்க ஓடும் டிவியில். வழி சுலபம்: முதல் படத்தின் நகலை 31-ஆம் இடத்தில் வையுங்கள். 30-ஐ வரைந்து முடித்ததும் அந்த நகலை நீக்கிவிடுங்கள். நீக்காமல் விட்டால் ஒரே படம் இரண்டு தடவை வந்து லேசாகத் தடுக்கும். இதேபோல 1-ஆவது படத்துக்கு முன்னால் 30-ஐயும் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சில கட்டம் தள்ளி வைத்துத் தொடங்குவது நல்லது. நான் இப்போதெல்லாம் பத்தாவது கட்டத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

மாஸ்டரின் முகம் அசைவதில்லை. கண் மட்டும் தாரையைப் பின்தொடரும். முகத்தை 30 தடவையும் ஆனியன் ஸ்கின் வைத்து நகலெடுத்தால், எவ்வளவு கவனமாக வரைந்தாலும் கோடுகள் கொதிக்கிற மாதிரி நடுங்கும். மெக்கேயின் டைனோசருக்குப் பின்னாலும் அந்த நடுக்கத்தைப் பார்க்கலாம். ஒரே படத்தை நிறுத்தி வைத்தால் நடுக்கம் போய்விடும், ஆனால் கை மட்டும் உயிரோடு இருந்து முகம் போஸ்டர் மாதிரி ஒட்டியிருக்கும். நடுவழி ஒன்று: முகத்தை மூன்று தடவை மட்டும் நகலெடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு ஃபிரேம் நிறுத்தி, 1, 2, 3 என்று சுற்றவிட்டேன். ஆறு ஃபிரேமுக்கு ஒரு சுற்று, முப்பதில் சரியாக ஐந்து சுற்று. இந்த நகலெடுப்பில் மட்டும் ஆனியன் ஸ்கின் ஒப்பாசிட்டியை நன்றாக ஏற்றிவைத்து, எப்போதும் முதல் முகத்தையே பார்த்து வரையுங்கள். இரண்டாவதைப் பார்த்து மூன்றாவதை வரைந்தால் மூக்கு மெல்ல மெல்ல ஊர்வலம் போய்விடும்.

வண்ணம் போடும்போது பல்பை அணைத்துவிடுவேன். சிவப்பும் பச்சையும் பின்னால் கிடந்தால் டீயின் நிறத்தைக் கண் சரியாக எடைபோடாது. அந்தச் சாயம் கண்ணில் ஒட்டிக்கொண்டு, முதல் பதிப்பில் டீ கொஞ்சம் பீட்ரூட் சாறு மாதிரி இருந்தது என்று நண்பன் இன்றைக்கும் சொல்வான்.

புதுப் பதிப்பை ஒரு சாயங்காலம் கொண்டுபோய் ஓட்டினேன். கூட்டமான நேரம். மாஸ்டர் ஆற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். திரையில் கை ஏறியது, இங்கேயும் ஏறியது. மூன்று நாலு சுற்று பார்த்தார். கிளாசை நீட்டிக்கொண்டே, "இப்ப கொட்டாது" என்றார். எனக்கு அது போதும். காசு வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு மறுபடி ஒரு தடவை நிமிர்ந்தார்.

"நுரை எங்க தம்பி?"

கிளாசில் நுரையே வரையவில்லை. டீ ஆற்றுவதே ஆறவும் நுரைக்கவும்தானே. இப்போது நுரைக்குத் தனி லேயர் போட்டிருக்கிறேன். மூன்று ஃபிரேமுக்கு ஒன்று வீதம் பத்துப் படம் போதும் என்று தோன்றுகிறது. குமிழி உடைவது படத்துக்குப் படம் தொடர்ச்சியில்லாமல் நடக்கிற விஷயம். இதற்குப் பல்பை எரியவிட்டு வரைந்தால் குமிழிகள் நகர்கிற மாதிரி வருகிறது, அணைத்துவிட்டு வரைந்தால் வெடிக்கிற மாதிரி வருகிறது. நாலு படம் முடிந்திருக்கிறது.